மாட்டை எடுத்துவிட்டு மாம்பழத்தை வைத்தால்

வணக்கம் சார்,

மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சொந்த ஊர் திருச்சி பக்கம், இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. வரும் மார்ச்சில் ஒரு வாரம் முழுக்க எல்லாப் பாடத்தையும் கௌபாய் வாழ்க்கையை வைத்து நடத்த வேண்டும் என்று பள்ளியில் முடிவு செய்திருக்கிறார்கள். கணக்குக்கென்று ஒரு கட்டுப் பயிற்சித்தாள் என் கைக்கு வந்தது. எல்லாத் தாளிலும் தொப்பி போட்ட குதிரை. "ஒரு கௌபாயிடம் 48 மாடுகள், மூன்றில் ஒரு பங்கை விற்றால்?" "சக்வேகன் சமையல்காரர் 4 பேருக்கு 2 கப் மாவு எடுத்தால் 12 பேருக்கு?" பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கும் கௌபாய் என்றால் சினிமாவில் பார்த்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என் வாத்தியார் கதையெல்லாம் சொன்னதே இல்லை. பலகையில் எழுதுவார், போடு என்பார், நாங்களும் கற்றுக்கொண்டுதான் வந்தோம். கணக்குக்குக் கதை வேண்டுமா சார்? வேண்டுமென்றால் எப்படி? நீங்கள் இதே டெக்சாஸில் அமரில்லோ ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று, அந்த வாரம் ஆசிரியர்களும் கௌபாய் தொப்பி போட வேண்டுமாம். எனக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

உங்களுக்கு வந்த அந்தக் கட்டைப் பொறுத்தவரை நான் உங்கள் வாத்தியார் கட்சி. 48 மாட்டை எடுத்துவிட்டு 48 மாம்பழத்தை வையுங்கள், விடை அதே 16தான், ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அப்படியென்றால் அந்த மாடு அங்கே வெறும் ஸ்டிக்கர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியாதா? அதனால்தான் கொட்டாவி. எந்தக் கணக்கை எடுத்தாலும் இந்த மாம்பழச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள், மாட்டை எடுத்ததும் கணக்கே விழுந்துவிடுகிறது என்றால் அதை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அந்த வாழ்க்கையில் அப்படிப்பட்ட கணக்கு ஏராளம். தப்பாகப் போட்டால் சம்பளமோ ரொட்டியோ கருகிவிடும் கணக்குகள்.

முதலில் மந்தையை எண்ணுவது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சாஸில் மாடு மலிந்து கிடந்தது, தலைக்கு 4 டாலர் என்றால் அதுவே நல்ல விலை. அதே மாடு வடக்கே 30, 40 டாலர். ஆனால் ரயில் கான்சாஸ் வரைக்கும்தான் வந்திருந்தது, ஆக நடத்திக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு மந்தையில் 2,000, 2,500 மாடு, ஓட்டிப்போக 10, 12 பேர், நாளுக்கு 10 முதல் 15 மைல், மூன்று மாதப் பயணம். வழியில் ஆற்றைக் கடந்த பிறகும், இரவில் மந்தை மிரண்டு ஓடி மறுபடி சேர்ந்த பிறகும், கடைசியில் விற்கும் இடத்திலும் எண்ணியாக வேண்டும். மாடு வரிசையில் நிற்குமா?

இரண்டு பேர் குதிரைமேல் எதிரெதிரே நிற்பார்கள், நடுவில் ஒரு சந்து. மற்றவர்கள் மந்தையை மெலிதாக நீட்டி அந்தச் சந்து வழியாக விடுவார்கள். இரண்டு பேரும் தனித்தனியே எண்ணுவார்கள். நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவார்கள், இல்லையென்றால் சேணத்தில் தொங்கும் வாரில் ஒரு முடிச்சு. மறுபடி ஒன்றிலிருந்து. கடைசி மாடு போனதும் இரண்டு பேரும் எண்ணிக்கையை ஒப்பிடுவார்கள்.

இதை வகுப்பில் அப்படியே செய்து பாருங்கள். இரண்டு பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, மதிய உணவுக்குப் போகிற கூட்டத்தை எண்ணச் சொல்லுங்கள், நூறுக்குப் பதில் பத்துக்கு ஒரு கல். ஒருவர் 137 என்பார், இன்னொருவர் 147 என்பார். அங்கே நிறுத்திக் கேளுங்கள், யார் தப்பு, எங்கே தப்பு என்று. வித்தியாசம் சரியாகப் பத்து என்றால் பெரும்பாலும் கல்லில் பிழை, ஒரு கல்லை மாற்ற மறந்திருப்பார் அல்லது இரண்டு முறை மாற்றியிருப்பார். வித்தியாசம் மூன்று என்றால் கண்ணில் பிழை, இரண்டு பேர் ஒட்டிப் போனதை ஒன்றாக எண்ணியிருப்பார். மந்தையில் இதுவே நூறு. இடமதிப்பு என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்தக் கல்தான். ஒரு கல் தவறினால் நூறு மாட்டுப் பணம், ஓட்டிவந்த ஒருவனின் மூன்று மாதச் சம்பளமே 100 டாலர் சுற்றித்தான் (மாதம் 30, 40 டாலர், சமையல்காரருக்கு அதைவிடக் கூடுதல், அதற்கு வருகிறேன்).

சக்வேகன் என்பது 1866இல் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுக்காரர் உருவாக்கிய சமையல் வண்டி. பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் அலமாரி மாதிரி ஒரு பெட்டியை ஏற்றினார். நிறைய இழுப்பறைகள், மூடியைக் கீழே இறக்கினால் அதுவே மேசை. பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய். வண்டிக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு மாட்டுத்தோலைக் கட்டி அதில் விறகு. அந்தச் சமவெளியில் மரம் கிடையாது, ஆகவே விறகு தீர்ந்தால் காய்ந்த சாணிதான். தட்டாமலே கிடைக்கும் வறட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகளுக்குத்தான் முகம் சுளிக்கும்.

அந்தச் சமையலின் மையம் டச் அவன். மூன்று குட்டைக் கால் வைத்த கனத்த இரும்புச் சட்டி, மூடியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருக்கும், மேலே கங்கு வைத்தால் உருளாமல் நிற்பதற்கு. உங்கள் வாரத்தில் இரண்டு நாளை இந்தச் சட்டிக்கே கொடுத்துவிடுங்கள் என்பேன்.

நான் இதில் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். அமரில்லோவில் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், வாலிபத்தில் பண்ணைகளில் சமைத்தவர். அவருடைய 10 அங்குலச் சட்டிக்கு பிஸ்கட் மாவு அளவு எனக்கு மனப்பாடம் (பிஸ்கட் என்றால் நம்ம டீக்கடை பிஸ்கட் இல்லை, கனமான குட்டி பன்). ஒருநாள் ஆள் அதிகம், 14 அங்குலச் சட்டியை எடுத்து வைத்தார். 14ஐ 10ஆல் வகுத்தால் 1.4, சரி, எல்லாவற்றையும் ஒன்றரைப் பங்கு போட்டால் தாராளம் என்று பிசைந்தேன். உருட்டி அடுக்கினால் சட்டியில் கால்வாசி காலி. ஆரத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும் என்று எட்டாவதில் என்னை அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பொறியியல் வேறு படித்தேன், அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. 5 அங்குல ஆரத்துக்குப் பரப்பு சுமார் 78 சதுர அங்குலம், 7க்கு 154. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாலே அங்குலம்தான் கூடியிருக்கிறது!

அதோடு விட்டேனா. கங்குகளை மேலே பாதி, கீழே பாதி என்று சமமாக வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்தால் மேலே வெளிறிப்போய், அடியில் தார் பூசிய ஓடு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாக்கத்தியை எடுத்து ஒவ்வொன்றின் அடியையும் நிதானமாகச் சுரண்டி, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று வைத்துவிட்டு, அப்புறம்தான் அந்த விதியைச் சொன்னார். சட்டியின் அங்குலத்தோடு மூன்றைக் கூட்டு, அத்தனை கரித்துண்டு மூடிமேல். மூன்றைக் கழி, அத்தனை அடியில். அதாவது 12 அங்குலச் சட்டிக்கு மேலே 15, கீழே 9. இது கடையில் விற்கும் ஒரே அளவுக் கரிக்கட்டிக்கான விதி. பழைய சமையல்காரரிடம் கரிக்கட்டி கிடையாது, கங்குக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்பதுதான் அவருடைய வெப்பமானி.

இப்போது இந்த விதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கேளுங்கள், மேலுக்கும் கீழுக்கும் மாறாமல் இருப்பது விகிதமா, வித்தியாசமா? 10 அங்குலத்துக்கு 13, 7. 12க்கு 15, 9. 14க்கு 17, 11. வித்தியாசம் எப்போதும் 6. விகிதம் 1.86, 1.67, 1.55 என்று இறங்கிக்கொண்டே போகிறது. ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடமே இதுதான், இரண்டு எண் கூடவே வளர்ந்தால் அது நேர்விகிதம் என்று கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே பெருக்கிவிடுவார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம், நல்ல பிள்ளைகளுக்கு. மொத்தக் கரி 20, 24, 28, அதாவது விட்டத்தின் இரு மடங்கு. 10லிருந்து 14க்குப் போகும்போது பரப்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டதே, கரி மட்டும் 20லிருந்து 28 போதுமா? பரப்பின்படி போனால் 39 வேண்டும். சட்டி செய்கிறவர்கள் தருகிற அட்டவணைகளில் 14 அங்குலத்துக்கு 30க்குக் கொஞ்சம் மேலே போட்டிருக்கிறது. 28க்கும் 39க்கும் நடுவில். விதி ஒரு நேர்கோடு, உண்மை கொஞ்சம் வளைகிறது, 10, 12 அங்குலத்தில் இரண்டும் ஒட்டி இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஏன் 39 வரை போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையோடு பேசுங்கள்.

இதில் எங்கேயாவது மாம்பழத்தை வைக்க முடிகிறதா பாருங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் மந்தையைச் சுற்றி இரண்டு இரண்டு பேராகக் காவல், எதிரெதிர்த் திசையில் சுற்றுவார்கள், ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு மணி நேரம். கடிகாரம் இல்லாதவன் சப்தரிஷி மண்டலத்தைப் பார்ப்பான். துருவ நட்சத்திரத்தை அது ஒரு நாளில் ஒரு சுற்று வருகிறது, ஆக மணிக்கு 15 பாகை, 30 பாகை திரும்பினால் அடுத்தவனை எழுப்பலாம். நம் கடிகாரத்தின் சின்ன முள்ளோ மணிக்கு 30 பாகை, அதுவும் எதிர்த்திசையில். ஏன் பாதி வேகம்? இதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். சமையல்காரர் படுக்கப்போகும் முன் வண்டியின் ஏர்க்காலை துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார், காலையில் மேகம் மூடியிருந்தாலும் வடக்கு எதுவென்று தெரியும்.

அவருக்குக் காபியும் ஒரு நிர்வாகக் கணக்கு. அர்பக்கிள்ஸ் என்ற வறுத்த காபிக்கொட்டை ஒரு பவுண்டு பொட்டலமாக வரும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி. யார் கொட்டையை அரைத்துத் தருகிறானோ அவனுக்கு அது. முரட்டு ஆட்கள் அதற்குப் போட்டி போடுவார்களாம்.

சூட்டுக்குறியை (எந்தப் பண்ணை மாடு என்று தெரிய சூடு போட்டுப் பதிக்கிற அடையாளம்) மட்டும் விட்டுவிடாதீர்கள், வடிவியலுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. எழுத்து படுத்திருந்தால் அதற்குப் பெயர் 'சோம்பேறி', தலைகீழாக இருந்தால் 'கிறுக்கு', கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் 'ரிவர்ஸ்'. 90 பாகை, 180 பாகை, பிரதிபலிப்பு என்று நாம் சொல்வதை மாட்டின் தோலில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிறுக்கு ஆக முடியாத எழுத்துகள் எவை? H, I, O, X போல. அப்புறம் திருடன் பக்கக் கணக்கு. போட்ட சூட்டை அழிக்க முடியாது, கோடு சேர்க்க மட்டும்தான் முடியும். C எளிதாக O ஆகும், O திரும்ப C ஆகாது. எக்ஸ்ஐடி (XIT) பண்ணையின் குறியை ஒரு திருடன் நட்சத்திரமும் சிலுவையுமாக மாற்றினான் என்று ஒரு கதையே உண்டு. (ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொடுத்ததற்குக் கூலியாக 30 லட்சம் ஏக்கர் கிடைத்ததே, அந்தப் பண்ணை.) யாராலும் மாற்ற முடியாத ஒரு குறியை வரையச் சொல்லுங்கள், வகுப்பின் மறுபாதியிடம் அதைத் திருடச் சொல்லுங்கள்.

ஒன்றில் கவனம். உங்கள் பயிற்சித்தாள்களில் இருக்கும் கௌபாய்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று யூகிக்கிறேன். நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். குட்நைட் மிகவும் நம்பிய போஸ் ஐகார்ட் அடிமையாகப் பிறந்தவர். தொழிலே மெக்சிகோவின் வகேரோக்கள் என்ற மாட்டுக்காரர்களிடம் கற்றது, கயிற்றின் பெயரான லாரியட்கூட ஸ்பானிய மொழிதான். உங்கள் வகுப்பில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லாமல் விடுவது தப்பு. 1866இல் குட்நைட்டும் அவருடைய கூட்டாளி ஆலிவர் லவிங்கும் மந்தையைக் கொண்டுபோனது நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னருக்கு. அங்கே அரசாங்கம் பவுண்டு 8 சென்ட்டுக்கு வாங்கியது, எதற்கென்றால், சொந்த மண்ணிலிருந்து நடத்திக் கொண்டுவந்து அடைத்துவைத்திருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ பழங்குடி மக்களுக்குச் சோறு போட. 1868இல்தான் அவர்களை ஊருக்கு விட்டார்கள். எடை கணக்குப் போடும்போது, வாங்கியது யார், சாப்பிட்டது யார் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

உண்மையாகவே சட்டியை வைத்துச் சமைக்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். மார்ச்சில் அந்தப் பக்கம் காற்று பேயாக அடிக்கும், பல நாள் வெளியே நெருப்பே மூட்டக்கூடாது என்று தடை இருக்கும். காற்று வருகிற பக்கத்துக் கரி வேகமாக எரியும், அதனால் கால் மணிக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமாகக் கால் சுற்று, மூடியை எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று திருப்ப வேண்டும். (நாலு முறை திருப்பியபின் மூடி சட்டியைப் பார்க்க எங்கே இருக்கும்? இலவசக் கணக்கு.) பீன்ஸ் மட்டும் வேண்டாம், முதல்நாள் ஊறவைத்தாலும் அந்த உயரத்தில் ஒரு பீரியடில் வேகாது. அமரில்லோ கடல்மட்டத்துக்கு மேலே 1,100 மீட்டர், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

தொப்பி போடுங்கள் டீச்சர், என்ன இப்போது. தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறு வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நான் கயிறு இல்லாததை வாங்கி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மாடுகளோடு பங்குபோட வேண்டியதாயிற்று.