பெர், இக்கெ, ஒஸ்: பாஷ்கிர் எண்கள் பற்றி வாசகர் கேள்விகள்

என் மகன் உஃபாவில் மருத்துவம் படிக்கிறான். அங்கே ரஷ்ய மொழியே போதும் என்கிறான். பாஷ்கிர் எண்களைக் கற்றுக்கொள்வதால் பயன் உண்டா?

உஃபா நகரத்துக்குள் ரஷ்யம் போதும், அதை மறுக்க முடியாது. ஆனால் உஃபாவைத் தலைநகராகக் கொண்ட, ரஷ்யாவுக்குள் இருக்கும் பாஷ்கோர்தொஸ்தான் குடியரசில் ரஷ்யத்தோடு பாஷ்கிரும் ஆட்சிமொழி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் யுனெஸ்கோ அதை நலிவடையக்கூடிய மொழிகளில் சேர்த்திருக்கிறது. 2018இல் வந்த ரஷ்யச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிகளில் அதைப் படிப்பது பெற்றோரின் விருப்பமாகிவிட்டது. பய்மாக், புர்ஸியான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பாட்டியிடம் உங்கள் மகன், "ஹெத்கே நிஸே யேஷ்?" (உங்களுக்கு எத்தனை வயது?) என்று அவர் மொழியிலேயே கேட்கட்டும். அதற்கு எண்கள் தெரிந்திருக்க வேண்டும், பதில் எண்ணில்தானே வரும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அம்மா. அந்த வாக்கியம் தமிழருக்கு மிக எளிது. "மிஙே யெகெர்மெ யேஷ்" என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'எனக்கு இருபது வயது'. நம்முடைய நான்காம் வேற்றுமை அப்படியே அங்கே நிற்கிறது.

பத்து வரை எண்களைத் தமிழ் எழுத்தில் தருவீர்களா? உச்சரிப்புதான் பயமாக இருக்கிறது.

பெர், இக்கெ, ஒஸ், துர்த், பிஷ், அல்த்து, யெத்தெ, ஹிகெத், துகுத், உன்.

பயப்பட வேண்டியதில்லை. பல நாட்டவர் திணறும் ஒலிகளில் மூன்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. எட்டு, ஒன்பது இரண்டின் கடைசியிலும் வரும் 'த்', 'அது', 'பாதை' என்று சொல்லும்போது நாம் மெல்ல உரசிச் சொல்லும் அதே த. ரஷ்யத்தில் இந்த ஒலி கிடையாது. ஆகவே சிரிலிக் எழுத்துக்கு மாறியபோது பாஷ்கிர்கள் இதற்கென்று தனி எழுத்து வைத்துக்கொண்டார்கள். ஒன்பதின் நடுவில் வரும் 'கு', 'பகல்' என்பதில் உள்ள மெல்லிய ககரத்துக்கு நெருக்கமானது. ஆறின் முடிவிலும் ஒன்பதின் இரண்டாம் அசையிலும் உள்ள உகரத்துக்கு உதட்டைக் குவிக்கக் கூடாது. குற்றியலுகரம் எப்படிச் சொல்வோமோ அப்படி.

கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். பெர், பிஷ் இரண்டையும் 'பந்து' என்பதன் ஒலிப்புள்ள பகரத்தில் தொடங்க வேண்டும். துர்த் என்பதன் முதல் எழுத்து 'தயிர்' அல்ல, 'தனம்' என்று பலர் சொல்லும் அழுத்தமான த. ஒஸ், துர்த் இரண்டின் உயிரொலிக்கும் எ, இ சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவியுங்கள். இதை எழுத்தில் படித்துப் பிடிக்க முடியாது. பாஷ்கிர் பேசும் ஒருவரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே சொல்லிப் பாருங்கள்.

இருபது, முப்பதுக்கு ஏதாவது சூத்திரம் உண்டா?

ஐம்பது வரை இல்லை. யெகெர்மெ (20), உத்துத் (30), குர்க் (40), இல்லெ (50): இந்த நான்கையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். இவற்றில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தின் சாயலைத் தேடினால் கிடைக்காது. அறுபதிலிருந்து வழி தெளிகிறது. அல்த்முஷ், யெத்மெஷ் இரண்டிலும் ஆறும் ஏழும் தெரிகின்றன. ஹிக்ஹேன் (80), துக்ஹன் (90) ஆகியவை எட்டுப் பத்து, ஒன்பது பத்து என்பவை தேய்ந்து ஒட்டிய வடிவங்கள். நூறு யொத், ஆயிரம் மெங்.

இடையில் வரும் எண்களுக்குப் புணர்ச்சி விதியே கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 11 உன் பெர், 25 யெகெர்மெ பிஷ், 348 ஒஸ் யொத் குர்க் ஹிகெத். பதினொன்று, தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் கற்ற நமக்கு இது பெரிய நிம்மதி.

எண்ணுக்குப் பிறகு பன்மை விகுதி சேர்க்க வேண்டுமா?

கூடாது. மூன்று புத்தகம் என்பது 'ஒஸ் கிதாப்' மட்டுமே. கடையில் நாம் "மூணு தேங்காய் குடுங்க" என்கிறோமே, அதுதான் அங்கே இலக்கணம். 'அஞ்சாறு பேர்' என்று சொல்ல வேண்டுமா? 'பிஷ்-அல்த்து கெஷெ'. ஆட்களுக்கு இருவர், மூவர் போலத் தனி வடிவமும் உண்டு: இக்கேவ், ஒஸேவ்.

எனக்குத் துருக்கியம் ஓரளவு தெரியும். அதை வைத்துச் சமாளிக்கலாமா?

தாராளமாக. இரண்டும் ஒரே மொழிக் குடும்பம். துருக்கியத்தில் 'உச்' என்றால் இங்கே 'ஒஸ்', அங்கே 'செகிஸ்' என்றால் இங்கே 'ஹிகெத்', 'ஒன்' என்றால் 'உன்'. ச் இருந்த இடத்தில் ஸ், சொல்லின் முதலில் ஸ் இருந்த இடத்தில் ஹ் என்று மாற்றிப் பழகினால் எண்களைத் தாண்டியும் உதவும். அண்டை மொழியான தாதாரில்கூட எட்டு 'சிகெஸ்'தான். அதனால் தாதார் பாடங்களைக் கேட்டுப் பாஷ்கிர் உச்சரிப்பைப் பழகாதீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள்.

முதலாவது, இரண்டாவது என்று எப்படிச் சொல்வது?

பெரென்ஸெ, இக்கென்ஸெ, ஒஸொன்ஸொ, அல்த்துன்ஸு. விகுதி ஒன்றே, உயிர் மட்டும் முன்னால் வரும் எண்ணுக்கு இசைந்து மாறுகிறது. நீண்ட எண்ணில் கடைசிச் சொல்லில் மட்டும் சேர்த்தால் போதும். ஆண்டுகளையும் இப்படித்தான் சொல்வார்கள். பாஷ்கிர் தன்னாட்சி அமைந்த 1919, 'மெங் துகுத் யொத் உன் துகுதுன்ஸு யுல்'.

கிழமைப் பெயர்களிலும் எண் ஒளிந்திருக்கிறதாமே?

ஆம், ஆனால் பாரசீக எண். யேக்ஷேம்பெ (ஞாயிறு) ஒன்று, துஷேம்பெ (திங்கள்) இரண்டு, ஷிஷேம்பெ மூன்று, ஷர்ஷம்பு நான்கு. வியாழன் முதல் வரிசை மாறிவிடும்.

பாஷ்கிர்களுக்கு ஏழு விசேஷமான எண்ணா?

மிகவும். பாஷ்கோர்தொஸ்தான் கொடியின் நடுவில் இருக்கும் குராய் என்னும் செடியின் பூவுக்கு ஏழு இதழ்கள், ஏழு குலங்களைக் குறிப்பவை. நாம் சப்தரிஷி மண்டலம் என்பதை அவர்கள் யெத்தெகேன் என்பார்கள், அதிலும் ஏழு இருக்கிறது. ஒருவர் தம் முன்னோரில் ஏழு தலைமுறையின் பெயர் அறிந்திருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். அங்கே நண்பர் கிடைத்தால் அவரிடம் அந்தப் பெயர்களைக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, பெர், இக்கெ என்று நீங்கள் எண்ணிக்கொண்டே வரலாம்.