நார்வேயின் ஃப்ளோம் கிராமத்துக்கு ஒரு நாள் போதுமா, எந்த மாதம் போகலாம்?

பெர்கன் நகரில் அறை எடுத்துவிட்டு, ஒரே நாளில் ஃப்ளோம் போய்த் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டு இரவாவது அங்கேயே தங்குங்கள் என்பேன்.

காரணம் எளிது. சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் ஊர் அது. கோடையில் காலையில் ஒரு சுற்றுலாக் கப்பல் வந்து நின்றால் போதும், ரயில் நிலையம், நினைவுப்பொருள் கடைகள், படகுத்துறை எல்லாம் நிரம்பி வழியும். ஒரு நாள் பயணமாக வருபவர்களும் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து இறங்குவார்கள், அதனால் அவர்கள் பார்க்கிற ஃப்ளோம் வரிசையில் நிற்கிற ஃப்ளோம். சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் ஊர் காலியாகிவிடும், ஜூன் மாதத்தில் பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அந்த நேரம் தங்குபவர்களுக்கு மட்டும்தான்.

மாதம் என்றால் மே கடைசி அல்லது ஜூன் முதல் பாதி. மலைமேல் பனி உருகுகிற நேரம் என்பதால் அருவிகளில் தண்ணீர் கொட்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்குச் செப்டம்பரும் நல்ல மாதம்தான், அருவிகள் கொஞ்சம் மெலிந்திருக்கும். குளிர்காலத்திலும் படகும் ரயிலும் ஓடும், ஆனால் பகல் ரொம்பக் குறைவு. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு கட்டாயம்.

இப்போது வழி. பெர்கனிலிருந்து வோஸ் வரை ரயில், அங்கிருந்து குட்வாங்கன் வரை பஸ், அப்புறம் ஃப்ளோம் வரை சுமார் இரண்டு மணி நேரப் படகு. இதையெல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள், அதே டிக்கெட்டுகளைத் தனித்தனியாகவும் வாங்கலாம். தனியாக வாங்கினால் நடுவில் எங்கே எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம், அதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தப் படகை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது போகும் நாரோய்ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்நீர்க் கால்வாய், 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மின்கலத்தில் ஓடும் படகாகப் பார்த்து ஏறினால் இயந்திர இரைச்சல் இல்லாமல் அருவிச் சத்தம் கேட்கும். உள்ளே உட்காராதீர்கள், காற்று குளிரத்தான் செய்யும், குல்லா போட்டுக்கொண்டு வெளித்தளத்திலேயே நில்லுங்கள்.

திரும்பும்போது ஃப்ளோம் ரயில். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, சுமார் 20 கிலோமீட்டரில் 867 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிர்டாலுக்கு ஏறுகிறது, வழியில் 20 சுரங்கங்கள், 1940-இல் திறந்த பாதை. மிர்டாலில் பெர்கன் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். வழியில் ஷோஸ்ஃபோசன் அருவியில் சில நிமிடம் நிறுத்துவார்கள். இறங்கி நின்றால் சாரல் கண்ணாடியை மறைத்துவிடும். கோடையில் திடீரென்று ஒலிபெருக்கியில் பாட்டு, பாறைமேல் சிவப்பு உடையில் ஒரு பெண் ஆட்டம். நார்வே நாட்டுப்புறக் கதைகளில் வரும் வனமோகினியாம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். கால் வலு உள்ளவர்கள் மிர்டாலிலிருந்து சைக்கிளில் இறங்கலாம், ஆரம்பத்தில் வரும் கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்லது.

தங்கும் நாளில் பக்கத்து ஊரான அவுர்லாந்துக்கு மேலே ஸ்டேகாஸ்டைன் பார்வை மேடைக்குப் போங்கள். 650 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டியிருக்கும் மரப் பாலம், முனையில் தடுப்பாக வெறும் கண்ணாடி. ஃப்ளோமிலிருந்து வண்டிகள் உண்டு. நீங்களே ஓட்டுவதானால் யோசித்துக்கொள்ளுங்கள், சாலை குறுகல், எதிரே பெரிய வண்டி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து உன்ட்ரெடால். ஆட்டுப்பால் சீஸுக்குப் பேர் போன குக்கிராமம், கைக்கு அடக்கமாக ஒரு மரத் தேவாலயமும் இருக்கிறது. பழுப்பு சீஸை அங்கே வாங்கிச் சாப்பிடுங்கள். பாலைத் திரித்த பிறகு மிஞ்சும் தெளிநீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிச் செய்கிறார்கள், உப்புப் போட்ட பால்கோவா மாதிரி இருக்கும். மெல்லிய ஏடாகச் சீவி ரொட்டிமேல் வைத்துத்தான் சாப்பிட வேண்டும், நான் துண்டாக வெட்டப் போக கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே சீவும் கரண்டியை நீட்டினார்.

செலவைப் பொறுத்தவரை, உணவகங்கள்தான் பையைக் காலி செய்யும். சமையலறை உள்ள சிறு மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும், மூன்று நான்கு பேராகப் போனால் அதுவே லாபம், சைவமாக இருந்தால் வேறு வழியும் கம்மி. ஞாயிற்றுக்கிழமை நார்வேயில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள்.

விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன்தான், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்குப் போவதானால் தள்ளிப்போடாதீர்கள். அறையையும் கூடவே பிடித்துவிடுங்கள், ஊரில் இடம் குறைவு, ஃப்ளோமில் கிடைக்காவிட்டால் அவுர்லாந்தில் பாருங்கள். நம் ஊரிலிருந்து பருப்புப்பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா எல்லாம் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் எடுத்துவர அங்கே தடை இருக்கிறது.