இரட்டைக் குழந்தைகள், ஒரே துணிக்கூடை: சலவைக் கேள்விகளும் பதில்களும்

என் இரட்டையருக்கு இப்போது 5 வயது. அவர்கள் பிறப்பதற்கு முன் 7 ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தேன். தினம் நூற்றுக்கணக்கான விரிப்புகளைத் துவைத்து அனுப்பியவள்தான். ஆனாலும் வீட்டில் இரண்டு சின்ன உடம்புகளின் துணி என்னை முதல் மாதமே மூழ்கடித்துவிட்டது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பிறந்து மூன்று வாரம் ஆகிறது. எவ்வளவு துவைத்தாலும் கூடை நிரம்பியே இருக்கிறது. பெரியவனுடையது, சின்னவனுடையது என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் துவைக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?

அந்தப் பிரிப்பில்தான். சலவைப் பிரிவில் ஒரு விரிப்பு வந்தால் இது எந்தக் கட்டிலுடையது என்று யாரும் கேட்க மாட்டோம். இதில் என்ன பட்டிருக்கிறது என்றுதான் கேட்போம். வீட்டிலும் அதையே செய்யுங்கள். குழந்தை வாரியாக வேண்டாம், கறை வாரியாகப் பிரியுங்கள்.

மூன்று இடம் போதும். மலம் பட்டவை மூடியுள்ள ஒரு வாளிக்கு. பால், எச்சில், வியர்வை பட்டவை சாதாரணக் கூடைக்கு. எண்ணெயோ களிம்போ பட்டவை ஒரு சின்ன டப்பாவுக்கு. கழற்றும்போதே அதனதன் இடத்தில் போட்டுவிட்டால், துவைக்கும் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மூன்றும் குழந்தைகளைத் துடைத்து மாற்றும் இடத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறையில் வைத்தால் துணி நாற்காலியில்தான் குவியும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம், தினமும் ஒரு தடவை துவையுங்கள். இரண்டு நாள் சேர்த்தால் அது இரண்டு மடங்கு வேலையாக இருக்காது. கறை காய்ந்து, வாடை ஏறி, மூன்று மடங்காகிவிடும். நேரத்தையும் மாற்றாதீர்கள். எனக்குக் காலையில் முதல் பால் கொடுத்து முடித்த நேரம் ஒத்துவந்தது.

கேள்வி: நான் அப்பா. அடுத்த மாதம் பிரசவம், இரட்டையர் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை உடுப்பு வாங்குவது? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

பட்டியலை ஓரமாக வையுங்கள். மூன்று நாள் கணக்கு போதும்: ஒரு நாளுக்கானது உடம்பில், ஒரு நாளுக்கானது கொடியில், ஒரு நாளுக்கானது அலமாரியில். ஒரு குழந்தைக்கு நாளுக்கு 4 சட்டை என்றால் இருவருக்கும் சேர்த்து 24. பால் துடைக்கும் துண்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் தாராளமாக வாங்குங்கள். தோளிலும் மடியிலும் துண்டு இருந்தால் பெரியவர்களின் துணி மிச்சமாகும். அந்தத் துணி கணக்கில் வராமல் போவதுதான் பல வீடுகளில் பிரச்சினை.

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள், எடையும் குறைவாக இருக்கும். அதனால் மிகச் சிறிய அளவிலும் சில உடுப்புகள் தேவைப்படலாம். ஆனால் அந்த அளவில் குவிக்காதீர்கள். ஒருவன் இரண்டே வாரத்தில் அதைத் தாண்டிவிடுவான், இன்னொருவன் ஒரு மாதம் போடுவான்.

கேள்வி: டயப்பர் வேண்டாம், துணி நாப்கின்தான் என்று முடிவு செய்தோம். இப்போது வீடே வாடை அடிக்கிறது. வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ப்ளீச் போட்டுத் துவைக்கிறோம். சரியா?

இரண்டு இடத்தில் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வாளி. தண்ணீர் நிறைந்த வாளி தவழும் குழந்தை உள்ள வீட்டில் இருக்கவே கூடாது. 5 செ.மீ. ஆழத் தண்ணீர்கூடக் குழந்தை மூழ்கப் போதும். உங்கள் பிள்ளைகள் இன்னும் தவழவில்லை, ஆனால் பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். சலவைக்கும் அது நல்லதில்லை. ஊறிக்கிடக்கும் நாப்கினில்தான் வாடை கூடும், எலாஸ்டிக்கும் சீக்கிரம் தளரும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசிப் பிழிந்து, தண்ணீர் இல்லாத வாளியில் போடுங்கள்.

இரண்டாவது ப்ளீச். சிறுநீர் தேங்கத் தேங்க அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். மூக்கில் ஏறுகிறதே அந்த நெடி, அது அம்மோனியாதான். அதன் மேல் ப்ளீச் விழுந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் குளோரின் வாயு. குளியலறை மாதிரி மூடிய இடத்தில் இது விளையாட்டில்லை. சலவைப் பிரிவில் புதிதாகச் சேருகிற ஆளுக்கு நாங்கள் முதல் நாள் சொல்வதே இதைத்தான்.

நாப்கினுக்கு ப்ளீச் தேவையே இல்லை. முதலில் சோப்பு இல்லாமல் ஒரு அலசல். பிறகு 60 டிகிரி செல்சியஸில் முழு அளவு டிடர்ஜென்ட் போட்டு ஒரு சலவை. கடைசியில் இன்னொரு அலசல். ஃபேப்ரிக் கண்டிஷனர் மட்டும் வேண்டாம். அது நூலின் மேல் வழவழப்பாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். எண்ணிக்கை கேட்டால், இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 20 நாப்கின் போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைப்பவர்கள் ஒரு 45 வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன ‘தினமும் ஒரு தடவை’ விதிக்கு அலசிப் பிழிந்த நாப்கின் மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மஞ்சள் கறை. சூடான தண்ணீரில் ஊறவைத்தும் போகவில்லையே?

சூட்டில் ஊறவைத்ததால்தான் போகவில்லை. பால், மலம், ரத்தம் எல்லாமே புரதக் கறைகள். சூடு பட்டால் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் தண்ணீர் எப்போதும் குளிர்ந்த தண்ணீர். பிறகு புரதத்தை உடைக்கும் என்சைம் (நொதி) உள்ள டிடர்ஜென்டைக் கறையில் தடவி அரை மணி விட்டு, வழக்கம்போல் துவையுங்கள். கம்பளி, பட்டு இரண்டும் புரத நூல்கள்தான். என்சைம் அதையும் தின்னும், அவற்றில் போடாதீர்கள்.

துவைத்த பிறகும் மஞ்சள் தெரிந்தால் ஈரத்தோடு நேர் வெயிலில் கறை மேலே தெரியும்படி போடுங்கள். அந்த மஞ்சள் பித்த நிறமி, வெளிச்சத்தில் சிதையும். மதியத்துக்குள் வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். வாங்குகிற எந்தக் கறைநீக்கியும் எனக்கு இந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

கேள்வி: இருவரும் குறைமாதம் என்பதால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்கிறோம். சட்டையெல்லாம் பழுப்புக் கறை. ப்ளீச் போட்டதும் இன்னும் கருத்துவிட்டது.

அது துருக்கறை மாதிரிதான். ப்ளீச் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து கறையை நிலைக்க வைத்துவிடும். இதற்கு அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாறு போதும். ஆனால் நீங்கள் ஏற்கனவே ப்ளீச் போட்டிருக்கிறீர்கள், அதன் மேல் அமிலம் படக்கூடாது. நான்கைந்து முறை நன்றாக அலசி, ப்ளீச் வாடை முழுதாகப் போன பிறகு சாற்றைப் பிழிந்து, ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். கறுத்தது முழுதும் போகும் என்று வாக்கு கொடுக்க மாட்டேன். இனிமேல் மருந்து கொடுக்கும் நேரத்துக்கென்று அடர்நிறத் துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கென்று தனி டிடர்ஜென்ட் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வாசனையும் நிறமும் சேர்க்காத சாதாரண டிடர்ஜென்ட் போதும். ‘குழந்தைகளுக்கானது’ என்று எழுதியிருக்கிற சிலவற்றில்தான் வாசனை தூக்கலாக இருக்கிறது. பெரும்பாலும் உறுத்துவது டிடர்ஜென்டின் வகை இல்லை, அலசாமல் விட்ட மிச்சம். ஒரு சோதனை சொல்கிறேன்: துவைத்த துண்டு ஒன்றை வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். நுரை வந்தால் நீங்கள் சோப்பு அதிகமாகப் போடுகிறீர்கள். புது உடுப்பையும் ஒருமுறை துவைத்தே போடுங்கள், சுருங்காமல் இருக்கவும் சாயம் ஒட்டவும் சேர்க்கிற ரசாயனங்கள் அதில் இருக்கும்.

டிடர்ஜென்டை ஜெல்லி உருண்டையாக விற்கிறார்களே, அது மட்டும் வேண்டாம். மிட்டாய் மாதிரி இருக்கும், வாயில் வெடித்தால் ஆபத்து. ஏற்கனவே வாங்கியிருந்தால் பூட்டிய அலமாரியில் உயரமாக வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு இரட்டைப் பெண்கள். மூத்த பேரனின் துணியை அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு தடவை உதறிவிட்டுப் போட்டால் போதுமா?

போதாது அம்மா. நல்லவேளை கேட்டீர்கள். பழைய வகை அந்துருண்டை நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுவிடக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். பச்சைக் குழந்தைக்கு அந்தத் துணியே வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு பயன்படுத்துவதானாலும் பலமுறை துவைத்து, பல நாள் வெளியில் காற்றாட விட்டு, வாடை துளியும் இல்லாதபோதுதான். கம்பளிப் போர்வைக்கும் இதுவே. அலமாரியிலிருந்து உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாக்ஸ். இரண்டு பேர், நான்கு கால், ஆனால் ஜோடி ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

எல்லாம் ஒரே நிறத்தில் வாங்குங்கள், ஜோடி தேடும் வேலையே இல்லை. துவைக்கும்போது ஜிப் வைத்த வலைப்பையில் போட்டால் டிரம்மின் ரப்பர் மடிப்புக்குள் போய் ஒளியாது.

சாக்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று. பிரசவமாகி மூன்று மாத வாக்கில் அம்மாவுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். அதில் ஒரு இழை சாக்ஸுக்குள் போய்க் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் விரல்களைப் பாருங்கள். விரல் வீங்கிச் சிவந்து, இழை எளிதாக வரவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சாக்ஸையும் கையுறையையும் உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், போடும் முன் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். என் மகளுக்கு ஒருமுறை இது நடந்தது. அன்றிலிருந்து நான் திருப்பாமல் ஒரு சாக்ஸையும் போட்டதில்லை.

கேள்வி: ஒருத்திக்கு மட்டும் பூஞ்சைத் தடிப்பு. இப்போதும் துணியைப் பிரிக்க வேண்டாம் என்பீர்களா?

இப்போது பிரியுங்கள். அவளுடைய நாப்கின், துடைக்கும் துண்டு இரண்டையும் தனியாக 60 டிகிரியில் துவைத்து, முழுக்கக் காயவையுங்கள். சட்டைகள் சேர்ந்தே போகலாம். தடிப்பு ஆறியதும் பழைய முறைக்குத் திரும்புங்கள். தடவுகிற களிம்பு துணியில் படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுத் துவையுங்கள்.

எண்ணெய் பட்ட துணிக்கும் அதேதான். எண்ணெய்ப் பிசுக்கு முழுதும் போகாத துணியை டிரையரில் சூடாக உலர்த்தி, அப்படியே குவித்து வைக்காதீர்கள். தாவர எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

கேள்வி: எங்களிடம் மெஷின் இல்லை. கையால்தான். மழை வேறு.

கையால் துவைப்பவர்களுக்கு வலிப்பது தேய்ப்பதில் இல்லை, பிழிவதில். முறுக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும். பிள்ளை பெற்ற மணிக்கட்டு ஏற்கனவே பலவீனம். துணியை ஒரு உலர்ந்த பெரிய துண்டில் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, மேலே அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். சின்ன உடுப்புகளுக்கு இது கச்சிதம்.

மழையில் நெருக்கமாகப் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பத்துத் துணி நெருக்கமாகப் போட்டால் பத்தும் மறுநாள் வாடை அடிக்கும். இடைவெளி விட்டு ஆறைப் போட்டு, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினால் ஆறும் மாலைக்குள் காயும். குழந்தைகள் தூங்கும் அறையில் ஈரத்துணி வேண்டாம், கொடிக்கயிற்றின் தொங்கும் நுனியும் தொட்டிலுக்கு எட்டக்கூடாது.

கேள்வி: மடிப்பதற்கு நேரமே இல்லை.

மடிக்காதீர்கள். மேல் சட்டைக்கு ஒரு பெட்டி, கீழ் உடுப்புக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று. காய்ந்ததை அப்படியே போடுங்கள். அவ்வளவு சின்னத் துணியில் சுருக்கம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? இது இவனுடையது என்று தெரிந்தே ஆக வேண்டிய ஒன்றிரண்டுக்கு மட்டும், ஓரத்தில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டுவையுங்கள்.

கேள்வி: அக்கா, இது எப்போது குறையும்?

ஆறு மாதத்தில் நாப்கின் எண்ணிக்கை குறையும். அதே ஆறு மாதத்தில் திட உணவு தொடங்குவீர்கள். கை வைத்த, நீர் புகாத கழுத்துத் துணி நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.