சட்டத்தரணியைக் கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான், பாகங்களைப் பூட்டிக்கொள்ளும் கிட் ஒன்றை வாங்கித் தானே ஒரு பிஸ்டல் செய்து வைத்திருக்கிறான். பஞ்சிகாவத்தையில் எனக்கு லேத் பட்டறை உண்டு. பொழுதுபோக்காக ஒன்று செய்யலாமா? விற்க மாட்டேன்.
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தம்பி. விற்காவிட்டாலும் குற்றம்தான். இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்குச் செய்வதே குற்றம்; 1996 திருத்தத்துக்குப் பிறகு தண்டனையும் கடுமை. ‘முழுசாகப் பூட்டவில்லை, குழாய் மட்டும்தான் கடைந்தேன்’ என்று புதுக்கடை நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை, உதிரிப்பாகமும் துவக்குக் கணக்கில்தான் வரும். காற்றுத் துப்பாக்கிதானே என்றும் இறங்காதீர்கள். குண்டு எத்தனை அட்டைகளைத் துளைக்கிறது என்று பார்த்துத் தீர்மானிக்கும் விநோதமான அளவுகோல் ஒன்று அந்தச் சட்டத்தில் உண்டு!

மச்சானின் கதை வேறு. அங்கே 1968 கூட்டாட்சிச் சட்டப்படி, தன் பாவனைக்கு மட்டும் செய்பவருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. ஆனால் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தொடரிலக்கம் கேட்கின்றன. கிட்களைக் கட்டுப்படுத்தும் 2022 விதியையும் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. எந்த மாநிலம் என்று அவரிடம் கேளுங்கள். அப்புறம், அந்த கிட்டில் ஒரு துண்டைக்கூட உங்களுக்குப் பார்சலில் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.