மறைந்த பாடகர்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மீண்டும் பாட வைப்பது சரியா?

கேள்வி கேட்டவர் இளைஞராக இருப்பார் என்று நினைக்கிறேன். ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, “இது மலேசியா வாசுதேவன் குரலாச்சே, அவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சே” என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். பெரியவர்கள் சொன்னது சரிதான். அவர் 2011 பிப்ரவரியில் காலமானார். பாட்டு வந்தது 2024 செப்டம்பரில்.

சரி, தவறு என்று ஒரே சொல்லில் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இப்படி உருவான ஒரு பாட்டுக்கு அடியில் பாடியவன் நான். சினிமாப் பாட்டு கிடையாது. ஒரு வீட்டு முற்றத்தில் முப்பது நாற்பது பேர் முன்னால் ஒலித்ததோடு சரி.

அந்தக் கதைக்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பலரும் கணினியே மெட்டைப் புரிந்துகொண்டு பாடுவதாக நினைக்கிறார்கள். இப்போது நாம் கேட்கிற இந்த மாதிரிப் பாட்டுகளில், பொதுவாக முதலில் உயிரோடு இருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாட வேண்டும். சுருதி, தாளம், எந்த எழுத்தை எவ்வளவு இழுப்பது, எங்கே குழைவது, எங்கே மூச்சு எடுப்பது எல்லாமே அவர் பாடியது. மறைந்தவரின் பழைய பதிவுகளிலிருந்து கணினி கற்றுக்கொள்வது அவருடைய குரலின் நிறத்தை. மேடைக்காரர்கள் நாங்கள் அதைச் சாரீரம் என்போம். பாடியவரின் சாரீரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மறைந்தவரின் சாரீரத்தை வைக்கிறார்கள். முதலில் பாடிய அந்த ஆளைத்தான் ‘அடியில் பாடியவர்’ என்கிறேன். ‘மனசிலாயோ’வில் அப்படிப் பாடியவர் மலேசியா வாசுதேவனின் மகன் யுகேந்திரன். அவர் பெயரும் பாடகர் பட்டியலில் இருக்கிறது. அதற்காக அந்தக் குழுவை நான் மதிக்கிறேன்.

பீட்டில்ஸ் குழு 2023-ல் வெளியிட்ட ‘நவ் அண்ட் தென்’ பாட்டையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. ஜான் லெனன் 1970-களில் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பதிந்த குரலை, இரைச்சலிலிருந்து பிரித்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். பாடியது லெனனேதான். மூச்சும் அவருடையது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இப்போது என் கதை. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் 1991-ல் சேர்ந்தேன். மாசி பிறந்தால் ஆடி முடியும்வரை கோயில் கொடை, கும்பாபிஷேகம், இடையில் கல்யாண வரவேற்பு என்று வேனிலேயே தூங்கி எழுந்த காலம். எங்கள் குழுவின் மலேசியா வாசுதேவன் ஓர் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பகலில் மரக்கடையில் கணக்கு எழுதுவார். ராத்திரி ‘பொதுவாக என் மனசு தங்கம்’ என்று எடுத்தாரென்றால், பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும் கூட்டம் அப்படியே உள்ளே வரும். ஆனால் அவருக்கு உயிர் ‘பூங்காத்து திரும்புமா’தான். அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியையும் ஒரே மூச்சில் பாடுவார். அப்படிப் பாட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அது அவர் பழக்கம். பக்கத்து மைக்கில் நிற்கும் நான் ஒவ்வொரு முறையும் அவர் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

நான் பாடியது பெரும்பாலும் எஸ்.பி.பி. பாட்டுகள். 93-க்குப் பிறகு ஷாகுல் ஹமீது பாட்டுகளும் என் பங்குக்கு வந்தன. ‘ராசாத்தி என் உசுரு’ மேடையில் பாடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பக்கவாத்தியம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. குரல்கள் மட்டும்தான். சுருதி நழுவினால் மறைத்துக்கொள்ள இடமில்லை. அதைப் பாடும்போது திருவிழாக் கூட்டம் மொத்தமும் அமைதியானதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் தொண்ணூறுகளின் கடைசியில் சாலை விபத்தில் இறந்துபோனார். 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் அவர் குரலும், மறைந்த இன்னொரு பாடகரான பம்பா பாக்யாவின் குரலும் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டு முடிந்ததும் எனக்குள் வந்த முதல் கேள்வி, “அடியில் பாடினது யாரு?” என்பதுதான். என் கூட்டாளிகள் நாலு பேரிடம் கேட்டேன். அப்படி ஒருவர் இருப்பார் என்பதே அவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் ஊரடங்கு போட்டதிலிருந்து எங்களுக்கு ஒரு கச்சேரிகூட இல்லை. இரண்டு சீசன் மேடை ஏறாமல் இருந்து, கடைசியாகப் பாடாமலேயே போனார். அவர் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மூன்றாம் வருட நினைவு நாளுக்கு அப்பா குரலில் ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வீட்டுப் பரணில் இருந்த பதினோரு கேசட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாம் மேடையில் பதிந்தவை. நாடா இழுபட்டு, பாதியில் சுருதியே மாறிக் கிடந்தது. நாலு கேசட்தான் தேறியது. ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு டிரம்ஸையும் கீபோர்டையும் விலக்கி, இருபது நிமிடம் போல அண்ணன் குரலை மட்டும் தனியே எடுத்தான்.

“சித்தப்பா, முதல்ல ஒருத்தர் பாடிக் கொடுக்கணும். அப்பா பாடின மாதிரி பாட உங்களை விட்டா ஆளில்லை” என்றான். முப்பது வருடம் பக்கத்திலேயே நின்றவன் என்பதால் அவர் எங்கே அழுத்துவார், எந்த ‘ழ’வைக் கொஞ்சம் வழுக்க விடுவார் எல்லாம் எனக்குத் தெரியும். என் வீட்டு அறையில் போர்வையைத் தொங்கவிட்டு மூன்று நாள் பாடினேன். அந்த இரண்டு வரிதான் படுத்தியது. என் மூச்சு அவ்வளவு நிற்கவில்லை. முதல் வரி முடிந்ததும் ஓர் இழுப்பு எடுத்துத்தான் அடுத்ததற்குப் போக முடிந்தது.

நினைவு நாளன்று முற்றத்தில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அது அண்ணன்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் தபேலாக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி மட்டும் அழவில்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, “குரல் அவருதுதான் தம்பி. ஆனா அந்த இடத்துல அவர் மூச்சு விட மாட்டாரே. அது நீங்கதானே?” என்றார்.

அங்கே இருந்த யாருக்கும் நான் பாடினேன் என்று தெரியாது. மகன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணி அந்த ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். மகனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அம்மா, அதை கம்ப்யூட்டர்ல வெட்டிடலாம், ரெண்டு நிமிஷ வேலை” என்றான். அந்த நிமிடம் எனக்கு வலித்தது. அந்தப் பாட்டில் என்னுடையது என்று வெளியே தெரிந்தது அது ஒன்றுதான். அண்ணி, “வேண்டாம், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, “நீங்களே அடுத்தவர் குரலில் பாடிப் பிழைத்தவர்கள்தானே, கணினி செய்தால் மட்டும் என்ன?” என்று சிலர் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்கலாம். மேடையில் என் முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தது. நோட்டீஸில் என் பெயர் இருந்தது. நான் தப்பாகப் பாடினால் கல்லும் என்மேல்தான் விழும், நன்றாகப் பாடினால் சட்டையில் குத்தும் ஐம்பது ரூபாயும் எனக்குத்தான் வரும். எஸ்.பி.பி.யே வந்து பாடுகிறார் என்று எங்கள் கச்சேரியில் யாரும் ஏமாறவில்லை. அவர்மேல் உள்ள அன்பில் நாங்கள் பாடினோம், அதே அன்பில் ஜனங்கள் கேட்டார்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் குறைவு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில் ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்கு அண்ணனைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, மதியம் இரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். ஒரு சரணம்கூட முழுதாகப் பாடவில்லை. “அண்ணா, அப்படியே மலேசியா சார் மாதிரியே இருக்கு, உங்க சொந்தக் குரல் எங்க? எங்களுக்கு அதுதான் வேணும்” என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய சொந்தக் குரலே அதுதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘மனசிலாயோ’வை ஊரே கொண்டாடியபோது எனக்கு அந்தப் பேருந்துதான் ஞாபகம் வந்தது. அந்தச் சாரீரத்தோடு ஓர் ஆள் எங்கள் ஊர் மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாரே! இப்போது திருவிழாக்களில் கரோக்கி ட்ராக்கை லேப்டாப்பில் போட்டு ஒருவரே பாடிவிட்டுப் போகிறார். கமிட்டிக்கும் செலவு குறைவு. எங்கள் தபேலாக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அது அந்தத் தனி மனிதரின் தப்பு என்று சொல்லவில்லை, அவருக்கும் வயிறு இருக்கிறது. மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தாரின் துக்கத்தை வெளியிலிருந்து யாரும் எடைபோட முடியாது. பவதாரிணி 2024 ஜனவரியில் மறைந்தார். அதே ஜூனில் ‘கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் அவர் குரல் வந்தது. இசையமைத்தவர் தம்பி யுவன். ஒரு தம்பி அக்காவின் குரலைத் தேடினால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் அண்ணி வீட்டில் நடந்ததும் அதுதானே. ஆனால் குடும்பத்தையே கேட்காமல் செய்வது வேறு. எஸ்.பி.பி. குரலைத் தங்களிடம் சொல்லாமல் உருவாக்கியதற்காக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் எஸ்.பி. சரண் 2024-ல் நோட்டீஸ் அனுப்பினார். கணினி வைத்திருப்பவரெல்லாம் எடுத்துக்கொள்ள அது புறம்போக்கு நிலம் இல்லை. உயிரோடு இருப்பவர்கள் இப்போதே விழித்துக்கொள்வது நல்லது. பாடகர் அரிஜித் சிங் தன் குரலை அனுமதியில்லாமல் கணினியில் நகலெடுப்பதற்கு எதிராக 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார். நம் ஊர்ப் பாடகர்கள், பெரியவர் சிறியவர் எல்லோரும், தங்கள் குரலைத் தங்களுக்குப் பிறகு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நான் எழுதி வைத்துவிட்டேன். என் குரலுக்குச் சந்தை இல்லை என்று தெரியும், ஆனாலும் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் கேட்பது ஒன்றுதான். அடியில் பாடியவர் பெயரைப் போடுங்கள். மறைந்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குக் கீழே, இதைப் பாடியது இன்னார் என்று ஒரு வரி. பாடகருக்குரிய சம்பளமும் அவருக்குப் போக வேண்டும், மாதிரிக்கு ட்ராக் பாடிக் கொடுப்பவருக்குத் தருகிற கைச்செலவுக் காசு போதாது. அந்தப் பாட்டில் நீங்கள் கண் கலங்குகிற இடம் எதுவோ, அங்கே ஒரு உயிருள்ள ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பின்சேர்க்கை: அந்தப் பதிவைக் கேட்கக் கிடைக்குமா என்று இரண்டு பேர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். அது அண்ணி வீட்டுச் சொத்து, நான் தர முடியாது. அண்ணி அதை அடிக்கடி போடுவதில்லையாம், வருடத்துக்கு ஒருமுறைதானாம். நான் மட்டும் காலையில் மாடியில் நின்று அந்த இரண்டு வரியை ஒரே மூச்சில் பாடிப் பார்க்கிறேன். இன்னும் ஒரு சொல் பாக்கி நிற்கிறது.