3எஸ்ஸில் ஈஎஸ்சி கொதிக்கிறதா? பினியனை மாற்றுங்கள்

உங்கள் ரிமோட் காரில் 2எஸ் (இரண்டு செல், 7.4 வோல்ட்) பேட்டரியிலிருந்து 3எஸ்ஸுக்கு (மூன்று செல், 11.1 வோல்ட்) மாறியபின் மெதுவாக ஓட்டினாலும் ஈஎஸ்சி, அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, சூடாகி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். மெதுவாக ஓட்டுவதும் ஒரு காரணம், நண்பரே. பாதி த்ராட்டிலில் ஈஎஸ்சி மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது, ஒவ்வொரு வெட்டிலும் அதற்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டில் கொஞ்சம் வெப்பமாகிப் போகும். முழு த்ராட்டிலில் அந்த இழப்பு ரொம்பக் குறைவு.

ஈஎஸ்சி 3எஸ் தாங்குமா என்று அதன் லேபிளைப் பாருங்கள். தாங்கும் என்றால், உங்கள் 17 பல் பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) கழற்றிவிட்டு 13 போடுங்கள். 3300 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3300 சுற்று) மோட்டார் சுமையில்லாமல் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 24,400 சுற்று, 11.1-இல் 36,600, அதனால் பல் குறைந்தாலும் வண்டி பழைய வேகத்துக்குக் கீழே போகாது. அதே இழுவைக்கு ஆம்பியர் கால்வாசி குறையும், காயில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு போவதால் அது 40% வரை இறங்கும். ஃபேன் எல்லாம் அப்புறம் வாங்கலாம்.