மூணு வண்டிக்கு ஒரு சர்வீஸ்: சின்ன பஸ் கம்பெனி பத்தி கேள்வி பதில்

பெங்களூர் கலாசிபாளையத்துல ஒரு சின்ன பஸ் கம்பெனிக்கு ரொம்ப வருஷமா வண்டி பாத்துக்கிட்டவன் நான். பெர்மிட், எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட்), டிரைவர், டயர் இதெல்லாம் கேளுங்க, சொல்றேன். டிக்கெட் புக்கிங் எனக்கு சம்பந்தமில்ல.

அல்சூர் தம்பி: அண்ணா, நானும் மச்சானும் செகண்ட் ஹேண்ட் ஏசி ஸ்லீப்பர் ஒண்ணு வாங்கி பெங்களூர் டு மதுரை விடலாம்னு இருக்கோம். ஒரு வண்டி போதுமா?

போதாது தம்பி. நைட்டு ஒன்பதரைக்கு மடிவாளால எடுத்தா காலைல மாட்டுத்தாவணி. சரி, அன்னைக்கு நைட்டு மடிவாளால இருந்து எது கிளம்பும்? உங்க வண்டி மதுரைல இல்ல நிக்குது. அப்போ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓட்டணும், அதை எந்த பேசஞ்சரும் ஞாபகம் வச்சுக்க மாட்டான். டெய்லி சர்வீஸ்னா ரெண்டு வண்டி வேணும். அதுல ஒண்ணு எஃப்சிக்குப் போகும், ஒண்ணு கியர் பாக்ஸ் போய் கிருஷ்ணகிரில படுக்கும், அதுக்கு ஒரு ஸ்பேர். ஆக மூணு வண்டிக்கு ஒரு சர்வீஸ். அஞ்சு வாங்கினா அதே ஒரு ஸ்பேரை வச்சு ரெண்டு சர்வீஸ் ஓட்டிடலாம். அதனாலதான் ஒண்ணுல இருந்து மூணுக்குப் போறதுக்குள்ள பாதி பேர் காலி, மூணைத் தாண்டிட்டவன் கொஞ்சம் மூச்சு விடுறான்.

கணக்கும் பாருங்க. ஏறக்குறைய 435 கிலோமீட்டர், ஏசி ஓட லிட்டருக்கு நாலு கொடுத்தா நல்ல டிரைவர், ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு வழி போறதுக்கு, 110 லிட்டர் டீசல் போகும். வெள்ளிக்கிழமை இங்கருந்து ஃபுல், ஞாயித்துக்கிழமை அங்கருந்து ஃபுல், செவ்வா புதன் ஒன்பது பேரோட போனாலும் டீசல் அதே 110 லிட்டர்தான். ஃபைனான்ஸ்காரனுக்கு செவ்வாக்கிழமையெல்லாம் தெரியாது, அவனுக்கு டியூ தேதி மட்டும்தான் தெரியும்.

இன்னொண்ணு, பழைய வண்டின்னா கடன் பாக்கி இல்லைன்னு ஃபைனான்ஸ் கொடுக்கிற என்ஓசி, டேக்ஸ் பாக்கி, அபராத சலான், எஃப்சி தேதி நாலையும் பாக்காம, ஒரிஜினல் ஆர்சியை (ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்) கண்ணால பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஜாலஹள்ளி: வண்டி வாங்கினா லேலண்டா பாரத்பென்ஸா?

அடுத்த கேள்வி.

கம்மனஹள்ளி: 1624, பி11ஆர்னு போடுறாங்களே, என்ன அர்த்தம் சார்?

1624 பாரத்பென்ஸ் மாடல், 16 டன், 240 எச்பி. வால்வோல பி7ஆர், பி9ஆர், பி11ஆர் எல்லாம் எஞ்சின் லிட்டர் அளவு, ஆர்னா எஞ்சின் பின்னாடி. 2001ல பி7ஆர் வந்தப்பதான் நம்ம ஊருக்கு பின் எஞ்சின் பஸ்ஸோட சொகுசே தெரிஞ்சது. ஆனா அது பெரிய கம்பெனி சமாச்சாரம், ஒரு தடவை ஒர்க்ஷாப் போனா சின்ன முதலாளிக்கு அந்த மாசம் அவ்ளோதான்.

ஹெப்பால்: ஓசூர், தர்மபுரில கை காட்டுறவங்களை ஏத்தலாமா?

கூடாது. ஆம்னி பஸ் கான்ட்ராக்ட் கேரேஜ், அதாவது வழியில ஆள் ஏத்தாம மொத்தமா பேசிக் கூட்டிட்டுப் போற பெர்மிட், நிறுத்தி நிறுத்தி ஆள் ஏத்த ஸ்டேஜ் கேரேஜ் பெர்மிட் வேணும். எல்லாரும் ஏத்துறாங்களேன்னு கேக்காதீங்க. நாகாலாந்து, பாண்டிச்சேரி நம்பர் வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடின வண்டிங்களும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க, 2024 ஜூன்ல நிறுத்திட்டாங்க.

பனசங்கரி அக்கா: சின்னதா ஆரம்பிச்சு வளர்ந்த பஸ் கம்பெனி எது தம்பி?

விஆர்எல் எல்லாருக்கும் தெரியும்க்கா, 1976ல கதக்ல ஒரே லாரி, பஸ் விட்டது 1996லதான். எனக்குப் பிடிச்சது வேற. சிக்கமகளூர் மாவட்டம் கொப்பால சஹகார சாரிகேன்னு ஒண்ணு. அங்க ஒரு தனியார் பஸ் கம்பெனில தொழிலாளிங்களுக்கும் முதலாளிக்கும் பிரச்சினையாகி, கொடுக்கவேண்டிய பாக்கிக்கு பதிலா பஸ்ஸையே எடுத்துக்கோங்கன்னு ஆயிடுச்சு. 1991ல கூட்டுறவு சங்கம் ஆக்கினாங்க, டிரைவர், கண்டக்டர், மெக்கானிக்தான் முதலாளி. கையில ஆறு வண்டி. அது எழுபதைத் தாண்டி வளந்துச்சுக்கா! மலைநாட்டு ரோட்டுல, செகண்ட் கியர்லயே ஏறவேண்டிய ஏத்தத்துல, நாலு வீடு இருக்கிற ஊருக்கெல்லாம் வண்டி விட்டாங்க. 2020 பிப்ரவரில நின்னு போச்சு.

ராஜாஜிநகர்: அதான் சார், தொழிலாளி கையில கொடுத்தா இப்படித்தான் முடியும்.

29 வருஷம் ஓடியிருக்கு சார். கலாசிபாளையத்துல 29 வருஷம் தாக்குப்பிடிச்ச முதலாளி கம்பெனிய விரல் விட்டு எண்ணிடலாம்.

விவேக் நகர்: அரசு பஸ்ஸை அதே ரூட்ல விட்டு அடிச்சாங்க, அதையும் சொல்லுங்க.

அதுவும் உண்டு, டீசல் விலையும் உண்டு. டீசல் ஏறும்போதெல்லாம் ஸ்டேஜ் கேரேஜ்ல டிக்கெட்டை உங்க இஷ்டத்துக்கு ஏத்த முடியாது.

ராஜாஜிநகர்: அரசு மேல பழி போடுறது ஈசி. மங்களூர்ல தனியார் நல்லாத்தான ஓடுது?

மங்களூர்ல ஜனம் அடர்த்தி, நடை அதிகம். கொப்பால காலைல ஸ்கூல் பிள்ளைங்க, சாயங்காலம் அதே பிள்ளைங்க, நடுவுல வண்டி சும்மா. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. வண்டி எண்ணிக்கை ஏறுறது மட்டும் வளர்ச்சி இல்ல சார், எல்லா வண்டிக்கும் ஒரே சமயத்துல வயசாகும், அப்போ மாத்துறதுக்கு காசு இருக்கணும்.

விவேக் நகர்: இருந்திருந்தா 2023 ஜூன்ல கர்நாடகா அரசு பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீன்னு சக்தி திட்டம் வந்தப்ப செத்திருக்கும். பொம்பளைங்க எல்லாம் ஃப்ரீ பஸ்ல போயிடுவாங்க.

பனசங்கரி அக்கா: ஏன், எங்களுக்கு ஃப்ரீ கொடுத்தா உங்களுக்கு வலிக்குதா?

அக்கா சொல்றதும் நியாயம், தனியார்காரன் கலெக்ஷன் போறதும் நிஜம். ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க, மத்தவங்க கேள்வி நிக்குது.

எலக்ட்ரானிக் சிட்டி: கர்னூல் பக்கம் பஸ் எரிஞ்சதுக்கு அப்புறம் ஸ்லீப்பர்னாலே பயமா இருக்கு.

பயம் தப்பில்ல. 2013ல ஹைதராபாத் போற வழியில பாலெம்ல பஸ் எரிஞ்சு 45 பேர் செத்தாங்க, 2025 அக்டோபர்ல கர்னூல். ரெண்டுமே விடியறதுக்கு முன்னாடி, எல்லாரும் தூக்கத்துல. ஏறின உடனே எமர்ஜென்சி எக்ஸிட் எங்க, கண்ணாடி உடைக்க சுத்தியல் இருக்கான்னு பாருங்க. பாடி கட்டக் கொடுக்கிறவங்களுக்கும் சொல்றேன், ரெண்டு பெர்த் கூட வரும்னு எக்ஸிட்டுக்குக் குறுக்க பெர்த் போடச் சொல்லாதீங்க.

ஒயிட்ஃபீல்டு: அண்ணா லேலண்டா பென்ஸா?

அய்யா சாமி! நைட்டு ரெண்டு மணிக்கு எந்த மெக்கானிக் போனை எடுக்கிறானோ, அவனுக்குத் தெரிஞ்ச வண்டிய வாங்குங்க.

டி.சி.பாளையா: தீபாவளிக்கு திருநெல்வேலி டிக்கெட் கிடைக்குமா?

புக்கிங் ஆபீஸ்.

அல்சூர் தம்பி: அண்ணா, புரோக்கர் ஆர்சி அப்புறம் தரேங்கிறார்...

அப்போ அட்வான்ஸும் அப்புறம்.

யஷ்வந்த்பூர்: மதுரைக்கு ஒரு டிரைவர் போதாதா சார், பேட்டா மிச்சமாகுமே?

ரெண்டு பேர் போடுங்க. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் நிஜமாவே படுக்கிற மாதிரி பெர்த் கொடுங்க, அதுல பார்சலை அடுக்காதீங்க. பகல்ல மதுரைல அவங்க தூங்க ஒரு ரூம் எடுத்துக் கொடுங்க, வண்டிக்குள்ளயே வெயில்ல கிடக்க விட்டா நைட்டு சேலம், தர்மபுரிக்கு நடுவுல தொப்பூர் கணவாய்ல கண்ணு சொருகும்.